கடன் அடைந்தும் வட்டி ஓடுகிறது: தூக்கமின்மை ஏன் வருகிறது, ஏன் போவதில்லை

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஒரு பழைய சுவர்க் கடிகாரம் இருக்கிறது. ஐயா காலத்தில் வாங்கியது. மணிக்கு மணி அடிக்கும், அரை மணிக்கு ஒரே ஒரு தட்டு. பகலில் இது யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. ராத்திரி தூங்காமல் கிடப்பவருக்குத்தான் இதில் உள்ள வில்லங்கம் தெரியும்: பன்னிரண்டரைக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, ஒன்றரைக்கும் ஒன்று. இப்போது கேட்டது எந்த ஒன்று? அடுத்த தட்டு வரும் வரைக்கும் ஆத்தா (எங்கள் பக்கத்தில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) உத்தரத்தைப் பார்த்தபடி கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பார். காலையில் காபி போட்டுக்கொண்டே, "மூணு ஒண்ணும் கேட்டுட்டேன், ரெண்டும் கேட்டேன், ரெண்டரையும் கேட்டேன்" என்று வரவு செலவு வாசிப்பது போல ஒப்பிப்பார்.

அப்பச்சி, அதாவது அப்பா, தவறியதிலிருந்து இப்படி. துக்கம்தான் காரணம், போகப் போகச் சரியாகிவிடும் என்று ஊரே சொன்னது, நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். துக்கம் ஆறியது. சிரிக்க ஆரம்பித்தார், கல்யாணம் காட்சிக்குப் போக ஆரம்பித்தார். தூக்கம் மட்டும் வரவில்லை. இரண்டு வருடம்! அதற்கப்புறம்தான் நானே உட்கார்ந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை. படித்ததையும், டாக்டர்களிடம் கேட்டதையும், ஆத்தாவோடு சேர்ந்து பட்டதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் எது தூக்கமின்மை என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஒரு ராத்திரி தூங்காவிட்டாலே "எனக்கு இன்சோம்னியா" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பெருத்துவிட்டார்கள். படுத்து வெகுநேரம் ஆகியும் தூக்கம் பிடிக்காமல் இருப்பது, நடுவில் விழித்துக்கொண்டு மறுபடி தூங்க முடியாமல் போவது, விடிவதற்கு ரொம்ப முன்னாடியே முழிப்பு வந்து அதோடு முடிந்துவிடுவது, இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ மூன்றுமோ இருக்கலாம். வாரத்தில் 3 ராத்திரிக்குக் குறையாமல், 3 மாதமாக இப்படியே போனால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். கூடவே இரண்டு நிபந்தனை உண்டு. தூங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமல் இருக்க வேண்டும், அதனால் மறுநாள் பகல் கெட வேண்டும், அதாவது அசதி, எரிச்சல், மறதி, வேலையில் மனசு ஒட்டாமல் போவது.

அந்த முதல் நிபந்தனை முக்கியம். கல்யாண வீட்டுச் சமையல்காரரைப் பாருங்கள், மூன்று நாள் அடுப்படியில் நின்றவர், பந்தி முடிந்து ஜமுக்காளத்தில் தலை வைத்த நொடியில் குறட்டை விடுவார். அவருக்கு இருப்பது தூக்கக் குறைவு, தூக்கமின்மை இல்லை. படுக்க நேரம் கிடைத்தால் அவர் தூங்கிவிடுவார். தூக்கமின்மைக்காரருக்குத் தேக்குக் கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் போட்டுக் கொடுத்தாலும் புரண்டு புரண்டுதான் படுப்பார். அதே போல, ஐந்தரை மணி நேரம் தூங்கியே நாள் முழுக்கக் குதிரை மாதிரி ஓடுகிற ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வியாதியும் இல்லை, விட்டுவிடலாம்.

சரி, தூக்கம் எப்படி வருகிறது? அது தெரிந்தால்தான் ஏன் வரவில்லை என்பது புரியும்.

இரண்டு கணக்கு ஒரே நேரத்தில் ஓடுகிறது என்று 1982-இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆராய்ச்சியாளர் சொன்னார், இன்றைக்கும் எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒன்று தூக்கப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது சேரச் சேர உடம்பு படுக்கையைத் தேடும், தூங்கினால் கரையும். சோற்றுப் பசி மாதிரியேதான். நாலு மணிக்கு இடைப்பலகாரம் என்று வெள்ளைப் பணியாரம் ஏழெட்டை உள்ளே தள்ளிவிட்டு எட்டு மணிக்கு இலையில் உட்கார்ந்தால் பசிக்குமா? மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு ராத்திரி பத்துக்குப் படுப்பதும் அதே கதைதான். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது என்று அப்பத்தா விரட்டுவார், அவர் சொன்ன காரணம் வேறு என்றாலும் ராத்திரித் தூக்கத்துக்கு அது நல்ல விதிதான்.

காபி இங்கேதான் உள்ளே வருகிறது. அடினோசின் வந்து உட்கார மூளை செல்களில் இருக்கைகள் உண்டு. கஃபீன் என்ன செய்கிறது என்றால், காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி முன்னாடியே போய் அந்த இருக்கைகளைப் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் கூட்டம் நின்றுகொண்டேதான் இருக்கிறது, ஆனால் உட்கார இடமில்லை, அதனால் அசதி தெரியவில்லை. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். நாலரைக்குக் குடித்த டிகாக்‌ஷனில் பாதி ஒன்பதரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். "எனக்கெல்லாம் காபி குடிச்சாத்தான் தூக்கமே வரும்" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தூக்கம் வந்தாலும் அதன் ஆழம் குறைகிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இரண்டாவது கணக்கு உடம்புக் கடிகாரம். இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காக 2017-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான மனிதர்களுக்கு இது 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும், அதனால் தினமும் காலை வெளிச்சத்தைப் பார்த்து முள்ளைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனை விட்டு "ராத்திரி வந்தாச்சு" என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுகிறது. அந்த நேரத்தில் முகத்துக்கு முன்னால் செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தால் தண்டோரா தாமதமாகும்.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முகப்பில் வெளிச்சம் இருக்கும், வளவில் முற்றத்து வழியாக வானமே தெரியும், ஆனால் உள்ளறைகளில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். அப்பச்சி இருந்தவரை ஆத்தா நாள் முழுக்க வளவில்தான், வற்றல் காய வைப்பதும் அரிசி புடைப்பதுமாக. அவர் போன பிறகு பாதி நாள் அறைக்குள்ளேயே கிடந்தார். கடிகாரத்துக்குப் பகல் எது, ராத்திரி எது என்ற வித்தியாசம் மங்கிவிட்டது. வயதானவர்கள் கண்ணில் புரை வேறு வெளிச்சத்தைக் குறைக்கும். வயது ஏற ஏறத் தூக்கத்தின் ஆழம் குறைவதும், உடம்புக் கடிகாரம் முன்னால் நகர்ந்து சீக்கிரம் தூக்கம் வந்து சீக்கிரம் முழிப்பு வருவதும் இயல்புதான், அதை மட்டும் வைத்து வியாதி என்று சொல்ல முடியாது.

இந்த இரண்டு கணக்கும் சரியாக இருந்தும் தூக்கம் வராத ராத்திரி எல்லாருக்கும் உண்டு. விடிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டிய முந்தின ராத்திரியை நினைத்துப் பாருங்கள். அலாரம் வைத்தாயிற்று, ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று, இருந்தும் மணிக்கொரு தரம் முழிப்பு. ஏனென்றால் மூளையில் ஒரு காவல்காரர் இருக்கிறார். ஆபத்து இருந்தால் தூங்க விடக் கூடாது என்பதுதான் அவர் வேலை. ஒரெக்சின் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, 1998-இல் கண்டுபிடித்தார்கள், விழிப்பைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதோடு பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால், படபடக்கும் நெஞ்சு எல்லாம் சேர்ந்துகொள்ளும். பாம்பு வந்த வீட்டில் தூக்கம் வராமல் இருப்பது உயிரைக் காப்பாற்றும். ஆனால் இந்தக் காவல்காரருக்குப் பாம்புக்கும் ரயிலுக்கும் வித்தியாசம் தெரியாது, நிஜ ஆபத்துக்கும் "இன்றைக்கும் தூக்கம் வராதோ" என்ற பயத்துக்கும் வித்தியாசம் சுத்தமாகத் தெரியாது.

இப்போது காரணங்களுக்கு வருகிறேன். காரணம் என்று ஒற்றையாகக் கேட்பதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் தன் சகாக்களோடு சேர்ந்து இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை வட்டிக்கடைக் கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும். சிலருக்குக் கடன்படும் ஜாதகம்: பெண்களுக்கு, வயதானவர்களுக்கு, குடும்பத்தில் யாருக்காவது இது இருந்தவர்களுக்கு, சின்ன விஷயத்துக்கும் மனசைப் போட்டு உழப்புகிறவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். இதை மாற்ற முடியாது. அடுத்து, கடன் வாங்க வைத்த சம்பவம்: ஒரு சாவு, ஒரு ஆபரேஷன், பிள்ளைப்பேறு, வேலை போனது, கோர்ட்டு வழக்கு, பங்காளிகளோடு வீட்டுப் பங்குத் தகராறு (எங்கள் பக்கத்தில் இதற்குக் குறைவே இல்லை). மூன்றாவதுதான் வட்டி. தூக்கம் கெட்டதும் அதைச் சமாளிக்க நாம் புதிதாக ஆரம்பிக்கும் பழக்கங்கள் இருக்கிறதே, அவை. முதலை அடைத்த பிறகும் ஓடிக்கொண்டே இருப்பது இந்த வட்டிதான்.

ஆத்தாவின் வட்டிக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ராத்திரி தூக்கம் போதவில்லையே என்று எட்டு மணிக்கே படுக்கப் போனார். காலை ஆறு வரை எழுந்திருக்க மாட்டார். ஆகப் படுக்கையில் 10 மணி நேரம், தூங்குவதோ மொத்தமாகக் கூட்டினால் ஆறு. ஆறு தோசைக்கான மாவைப் பத்துத் தோசைக்கு இழுத்தால் என்ன ஆகும்? கல் தெரிகிற அளவுக்கு மெலிந்து நடுவில் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளில்தான் ஆத்தா கிடந்து கடிகாரம் எண்ணிக்கொண்டிருந்தார். ராத்திரி தூங்கவில்லை என்று மத்தியானம் ஒரு தூக்கம், எழுந்து தலை பாரமாக இருக்கிறது என்று நாலரைக்கு ஒரு காபி, ஆறரைக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் அன்றைய அசதிக்கு நியாயமான வைத்தியமாகத்தான் தெரிந்தது. எல்லாம் சேர்ந்து அடுத்த ராத்திரியைக் கெடுத்தது.

எல்லாவற்றையும்விட மோசம், கட்டிலோடு வந்த பகை. டிவி முன்னால் சாய்வு நாற்காலியில் சீரியல் ஓட ஓடத் தலை தொங்கித் தூங்கி வழிவார். "போய்க் கட்டில்ல படுங்க ஆத்தா" என்று எழுப்பிவிட்டால், கட்டிலில் முதுகு பட்டதும் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். அதே சமயம் என் தங்கை வீட்டுக்கு மதுரைக்குப் போனால், புது இடம், கொசு, தெருச் சத்தம், எல்லாவற்றையும் மீறி நன்றாகத் தூங்குவார். மந்திரம் வைத்துவிட்டார்கள் என்றுகூட ஒரு சித்தி சொன்னார். விஷயம் இவ்வளவுதான்: மாதக்கணக்கில் விழித்துக் கிடந்து கிடந்து, அந்தக் கட்டில் என்றாலே விழிப்பு என்று மூளை பாடம் பண்ணிவிட்டது. புது இடத்துக்கு அந்தப் பாடம் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அடையாளம் இருந்தால், வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வட்டி, வட்டி என்று சொல்லிக்கொண்டே உடம்பில் இருக்கும் நிஜக் காரணங்களை விட்டுவிடக் கூடாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் ராத்திரி நாலு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பவருக்கு முதலில் சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் இதே வேலையைச் செய்யும். நெஞ்செரிச்சல், மூட்டு வலி, ஆஸ்துமா, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென்று வரும் உடம்புச் சூடும் வேர்வையும், எல்லாம் தூக்கத்தைக் கலைக்கும். படுத்ததும் கால் குடைச்சல் எடுத்து, ஆட்டினால்தான் சுகம் என்று இருந்தால் இரும்புச்சத்தைப் பரிசோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். பலத்த குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவருக்கு இருப்பது வேறு நோய், அதற்கு வைத்தியமே வேறு. விடியக்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்து, எதிலும் நாட்டமில்லாமல், வாழ்க்கையே வெறுத்ததுபோல இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

நாம் உள்ளே போடுகிற பொருள்களும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை, மூக்கடைப்புக்குப் போடும் சில மாத்திரைகள், சாயங்காலத்துக்கு மேல் போடும் நீர் மாத்திரை. "ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம்" என்பவருக்கு முதல் பாதி ராத்திரி தூக்கம் வரும்தான், சாராயம் இறங்க இறங்கப் பின்பாதி கலைந்துவிடும். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் நிகோட்டின் இருக்கிறது, அது விழிக்க வைக்கும் பொருள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து புகையிலை அடக்கும் பெரியவர்கள் இதை நம்புவதே இல்லை.

தூக்க மாத்திரை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் கதையில் பாதி அதுதான். அப்பச்சி காரியம் முடிந்த கையோடு ஒரு டாக்டர் 10 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். நாங்கள் அந்தப் பழைய சீட்டையே காட்டிக் காட்டி எட்டு மாதம் வாங்கினோம், கடைக்காரரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வகை மாத்திரைகள் கொஞ்ச நாளைக்கு நல்ல உதவிதான். நாள் ஆக ஆக அதே அளவு போதாமல் போகும், இல்லாவிட்டால் தூங்கவே முடியாது என்று பழகிவிடும், வயதானவர்களுக்கு ராத்திரி எழுந்தால் தள்ளாட்டம் வரும். ஒரு ராத்திரி ஆத்தா முற்றத்துப் படியில் தடுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. பயந்துபோய் மறுநாளே அடியோடு நிறுத்தினோம், அதுவும் தப்பு. திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டர் சொன்னபடி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மதுரையில் வேறு ஒரு டாக்டர் அப்படித்தான் குறைத்துக் கொடுத்தார்.

அவர்தான் மாத்திரை இல்லாத வைத்தியத்தையும் சொன்னார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வைத்தியமே அதுதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. பெயர் நீளமானது, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. விஷயம் என்னவோ வட்டியை நிறுத்துவதுதான். தூக்கம் கண்ணைச் சொக்கினால் மட்டும் கட்டிலுக்குப் போ, கொஞ்ச நேரம் கிடந்தும் வரவில்லையா, எழுந்து வெளியே வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார், சொக்கியதும் திரும்பிப் போ, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழு. ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972-இல் வகுத்த முறை இது. கட்டிலோடு இருக்கும் பகையை மறக்கடிப்பதுதான் நோக்கம். அதோடு இன்னொன்று, தோசையைச் சின்னதாக வார்ப்பது: ஆறு மணி நேரம்தான் தூங்குகிறாரா, படுக்கையிலும் ஆறு மணி நேரம்தான். ஓட்டை அடைபட்ட பிறகு கால் மணி, கால் மணியாகக் கூட்டலாம். 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்குவதில்லை. வலிப்பு உள்ளவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

தூக்கம் வராதவரைப் போய்ப் பதினொரு மணி வரை விழித்திருக்கச் சொல்வது கொடுமையாகத் தெரிந்தது. "இருக்கிறதையும் பிடுங்கப் பார்க்கிறியா?" என்றார் ஆத்தா. முதல் பத்து நாள் நிஜமாகவே கொடுமைதான், முகம் வீங்கி, எரிந்து எரிந்து விழுந்தார். பதினோரு மணி வரை தாக்குப்பிடிக்கப் பேத்தியோடு பல்லாங்குழி ஆடினார். காலை ஐந்துக்கு எழுப்பி, விடிந்ததும் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பகல் தூக்கம் கிடையாது, மத்தியானத்துக்கு மேல் காபி கிடையாது (இதற்குத்தான் பெரிய சண்டை). மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி, நடுவில் ஒரு தடவை மட்டும் எழுந்ததாகச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இப்போது பத்தேகாலுக்குப் படுக்கிறார். திதி வரும் மாதத்தில் இன்னும் நாலைந்து ராத்திரி கெடும். அந்த நாட்களில் அவரே எழுந்து வந்து ஊஞ்சலில் உட்கார்ந்துவிடுகிறார், எட்டு மணிக்குப் படுக்கப் போவதில்லை.

கடிகாரத்தை என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. அந்தக் காலத்துக் கடிகாரத்தில் சாவி கொடுக்க இரண்டு துளை இருக்கும், ஒன்று முள் ஓடுவதற்கு, ஒன்று மணி அடிப்பதற்கு. மணித் துளைக்கு மட்டும் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. ராத்திரி எப்போதாவது முழிப்பு வந்தால் பக்கத்து அறையைப் பார்த்து "தம்பி, மணி என்ன?" என்று கேட்பார். நான் தூங்குவதுபோல் கிடப்பேன்.